பைலிங் இல்லாத வாகன மாடி

பத்து பாகாட் என்றால் மலாய் மொழியில் உளி பட்ட கல். ஆனால் நம் பல்கலைக்கழகம் நிற்கும் பாரிட் ராஜாவில் காலுக்கடியில் பல மீட்டர் ஆழத்திற்கு மென்களிமண்தான். பாரிட் என்பதே வாய்க்கால்தானே!

கட்டடம் என்றதும் இங்கே பைலிங் அடிப்பது வழக்கம். மகிழுந்து நிறுத்த ஒரே ஒரு மேல்தளம் போதுமென்றால் அந்தச் செலவு தேவையா? கட்டடப் பொறியியல் மாணவன் என்ற முறையில் கணக்குப் போட்டேன். மைவி ஏறத்தாழ 1 டன்; அது நிற்கும் இடம் 2.4க்கு 4.8 மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிலோகூட இல்லை. வடிவமைப்புக்கு 250 என்று கொள்வோம். இரும்புச் சட்டத்திற்கும் தளத்திற்கும் இன்னொரு 150. ஆக 400. வெள்ளத்திற்கு அஞ்சி மனையை உயர்த்த 1 மீட்டர் செம்மண் கொட்டினாலோ 1,800 கிலோ! நிலத்தை அமுக்குவது வாகனமல்ல, நாம் கொட்டும் மண். 2023 மார்ச்சில் வெள்ளம் சூழ்ந்த ஊர் இது. கீழ்த்தளம் நனைந்தால் நனையட்டும், மகிழுந்துகளை மேலே ஏற்றிவிடலாம்.

ஒரு தூண் 40 சதுர மீட்டரைத் தாங்கினால் சுமை 16 டன். இம்மண்ணில் சதுர மீட்டருக்கு 2 டன் ஏற்றலாம் என்று கொண்டால், தூணுக்கடியில் 3 மீட்டர் சதுரக் கான்கிரீட் தளம் போதும்.

இருந்தும் களிமண் நீரை மெல்லக் கசியவிட்டுப் பல ஆண்டுகள் இறங்கும். எல்லாத் தூண்களும் ஒரே அளவில் இறங்கினால் கவலையில்லை. ஒன்று மட்டும் இறங்கினால் தளம் சாயும். அதனால்தான் பற்றவைக்காமல் போல்ட் போட்டு முடுக்கிய சட்டம். தாழ்ந்த தூணை ஜாக்கியால் தூக்கி, அடியில் இரும்புத் தகடு செருகலாம். இன்னொரு மாடியும் வேண்டுமென்று யாராவது கேட்டால், நான் பைலிங் பக்கமே நிற்பேன்.