இதய அறுவை சிகிச்சையில் ரத்த அளவுக் குறைவு: மருத்துவர்கள் கண்டறிவது எப்படி?

இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஒருவரின் ரத்த அழுத்தம் சரியும்போது, மருத்துவர்கள் முன் முதலில் எழும் கேள்வி: உடலில் ரத்தத்தின் அளவு குறைந்துள்ளதா அல்லது இதயம் சுருங்கும் திறன் குன்றியுள்ளதா? ரத்த அளவு குறைந்திருந்தால் திரவமோ ரத்தமோ செலுத்துவது உயிர் காக்கும். இதயம் பலவீனமாக இருக்கையில் அதையே செலுத்தினால் நுரையீரலில் நீர் கோத்து நிலைமை மோசமடையும்.

வளர்ந்தோருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் 70 மி.லி. என்ற கணக்கில் ரத்தம் உள்ளது. 60 கிலோ எடை கொண்டவருக்கு இது 4.2 லிட்டர். இதில் 15 சதவீதம், அதாவது சுமார் 630 மி.லி. இழந்தாலும் ரத்த அழுத்தம் பெரும்பாலும் மாறுவதில்லை. ரத்த நாளங்கள் சுருங்கி அதனை ஈடுசெய்கின்றன. இழப்பு மேலும் கூடினால் நாடித்துடிப்பு உயரும். ஆனால், இதய நோயாளிகள் பலர் உட்கொள்ளும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இந்த அறிகுறியையும் மறைத்துவிடக்கூடும்.

கழுத்துச் சிரை வழியே அளவிடப்படும் மத்திய சிரை அழுத்தம், நீண்ட காலமாக ரத்த அளவின் குறியீடாகக் கருதப்பட்டது. எனினும், 24 ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான மதிப்பாய்வு, இந்த அழுத்தத்திற்கும் ரத்த அளவிற்கும் இடையே மிகக் குறைந்த தொடர்பே இருப்பதைக் காட்டியது.

ஒரே அறிகுறியை நம்புவதில் உள்ள ஆபத்தை மயக்கவியல் துறைக்கு முன்பே உணர்த்தியது ஐதராபாத். 1888, 1889-ம் ஆண்டுகளில் எட்வர்ட் லாரி அங்கு நடத்திய குளோரோஃபார்ம் ஆணையங்கள், சுவாசத்தைக் கண்காணித்தாலே போதும் என்று முடிவு செய்தன. குளோரோஃபார்ம் இதயத்துடிப்பை நேரடியாகவே குலைத்து உயிரிழப்பை ஏற்படுத்தக்கூடும் என்பது, 1911-ல் குட்மேன் லெவியின் சோதனைகளில் தெளிவானது.

இன்று பல அளவீடுகள் ஒன்றுசேர்த்தே மதிப்பிடப்படுகின்றன. அறுவை அரங்கில், உணவுக்குழாய் வழி எக்கோ பரிசோதனை மூலம் இதய அறை நிரம்பியுள்ளதா என்பதை நேரடியாகக் காணலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில், நோயாளியின் கால்கள் 45 டிகிரி உயர்த்தப்படுகின்றன. அப்போது சுமார் 300 மி.லி. ரத்தம் இதயத்தை நோக்கித் திரும்புகிறது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு அதனால் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால், திரவம் செலுத்துவது பலனளிக்க வாய்ப்புள்ளது. கால்களைத் தாழ்த்தியதும் ரத்தம் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதால், திரவம் மிகுந்துவிடும் அபாயம் இதில் இல்லை.

இவற்றுடன், மார்புக் குழாய் வழியே வெளியேறும் ரத்தமும் சிறுநீரின் அளவும் மணிக்கு மணி குறிக்கப்படுகின்றன. நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலை அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் அளிப்பது, இந்த மதிப்பீட்டிற்கு உறவினர்கள் செய்யக்கூடிய பேருதவியாகும்.