சாரலும் உரித்த சருமமும்

ஆடியில் விவாகம் கூடாதென்னும் வழக்கத்தினால் ஆவணி முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் தென்காசி மணப்பெண், அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் ‘கெமிக்கல் பீல்’ சிகிச்சையை ஆடியிலேயே வைத்துக்கொள்ள நினைப்பது இயல்பே. ஆனால் குற்றாலத்தில் சாரல் கட்டி, ஐந்தருவி குடும்பத்தோடு குளிக்க அழைப்பதும் அந்த மாதத்தில்தான்.

இவ்விரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை? மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் உயிரணு மேலேறி உதிர்வதற்கு ஏறக்குறைய 4 வாரங்கள் ஆகின்றன. லேசான பீலுக்குப் பின் ஒரு வாரத்துக்குள் செதிலெல்லாம் உதிர்ந்து முகம் தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும், உள்ளே அழற்சி முற்றும் தணியாத அவ்வேளையில் வெயில் பட்டால், நிறமணுக்கள் மெலனினை மிகுதியாய்ச் சுரந்து, எந்தக் கருமையைப் போக்கச் சென்றோமோ அதையே வட்டியோடு திருப்பித் தந்துவிடும். மாநிறத்தாருக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, இந்த அபாயம் அதிகம். வானம் மூடியிருக்கிறதே என்று வாதிப்பதிலும் பயனில்லை. மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர் கணிசமாக ஊடுருவும்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவோரின் வலிய கைகளும், பேரருவி விழும் வேகமும் பழைய தோலுக்குப் பரம சுகம், புதுத்தோலுக்கோ உபத்திரவம். ஆகவே, மருத்துவரைக் கலந்து, கடைசிப் பீலை ஆனித் தொடக்கத்திலேயே முடித்துக்கொண்டு, செதிலைக் கிள்ளாமல், சன்ஸ்கிரீனை விடாமல் பூசிவந்தால், ஆடிச் சாரலையும் ஒருவாறு அனுபவிக்கலாம்.