9,000 டாலருக்கு விலை பேசப்பட்ட பெண்

கல்யாண உடை தரித்த ஓர் இளம் பெண். முகத்திலே அடிபட்ட காயங்கள். நெற்றியிலே, கடைச் சரக்குகளின் மேல் விலை அறிவதற்காக அச்சிடுவார்களே, அந்த 'பார்கோடு' எனும் கறுப்புக் கோடுகள். அவள் அழவில்லை, தாளத்தோடு பேசுகிறாள். தாழ்ந்த குரலில் ஆரம்பித்த பேச்சு மெல்ல மெல்ல உயர்ந்து முழக்கமாகிறது. பெண்ணாகப் பிறந்தவள் விற்பனைச் சரக்கா என்பதுதான் அந்தப் பாட்டின் சாரம்.

2014-ஆம் ஆண்டில் யூடியூப் மூலம் உலகெங்கும் பரவிய இந்தப் பாட்டின் பெயர் 'விற்பனைக்குப் பெண்கள்'. எழுதிப் பாடியவள் ஸோனிதா அலிஸாதே என்னும் ஆப்கானியப் பெண். அது வெறும் கற்பனைப் பாட்டல்ல. அவளுக்கே விலை பேசப்பட்டிருந்தது. தொகை 9,000 டாலர்!

புது உடையின் மர்மம்

ஸோனிதா 1996-ல் ஹெராத் நகரில் பிறந்தாள். ஆப்கானிஸ்தானத்தின் மேற்குக் கோடியில், ஈரான் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள பழம்பெரும் நகரம் அது. அவள் பிறந்த அதே ஆண்டில்தான் தாலிபான்கள் தலைநகரான காபூலைக் கைப்பற்றினார்கள். சங்கீதம் கூடாது, பெண்கள் பள்ளிக்கூடம் போகலாகாது என்ற கட்டளைகள் தேசத்தை மூடிய காலம் அது.

அவளுக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நாள் வீட்டார் அவளுக்கு நல்ல உடை உடுத்தி அலங்காரம் செய்து பார்த்தார்கள். ஏதோ விளையாட்டு என்று குழந்தை பூரித்துப் போனாள். அவளை மணப்பெண்ணாகக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான ஏற்பாடு அது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. குடும்பம் நாட்டை விட்டு ஓட வேண்டி வந்ததால் அந்தச் சம்பந்தம் நின்று போயிற்று.

அந்தத் தேசத்து வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குப் பணம் தர வேண்டும். பாரசீக மொழியில் இதற்கு 'ஷீர்பஹா' என்று ஒரு பெயர் உண்டு. 'பாலுக்கு விலை' என்பது பொருள். பெயரைக் கேட்டால், பெற்ற தாய்க்குச் செய்யும் மரியாதை போலத் தோன்றும். ஆனால் அடுப்பு எரியாத வீட்டில் அது பெண்ணின் விலையாகவே ஆகிவிடுகிறது. மகனுக்குப் பெண் கொள்ளப் பணம் வேண்டும். மகளைக் கொடுத்தால் அந்தப் பணம் வரும். இப்படி ஒரு பெண்ணின் விலை இன்னொரு பெண்ணின் விலையாகக் கைமாறிக்கொண்டே போகிறது!

டெஹ்ரானில் அகதி

ஈரானின் தலைநகரான டெஹ்ரானில் ஸோனிதா வளர்ந்தாள். உரிய தஸ்தாவேஜு இல்லாத அகதிக் குழந்தைக்கு அங்கே சர்க்கார் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. கழிப்பறை கழுவும் வேலை செய்து ஜீவனம் நடத்தினாள். ஆப்கானியக் குழந்தைகளுக்காக நடந்த ஒரு தர்ம ஸ்தாபனத்தில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

அந்த நாளில் அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பார்படோஸ் நாட்டுப் பாடகி ரிஹானாவின் கச்சேரிப் படத்தை ஒட்டி, ரிஹானாவின் முகத்துக்கு மேல் தன் முகத்தை வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். தந்தை மைக்கேல் ஜாக்ஸன், தாய் ரிஹானா என்று வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்றும் கனவு கண்டாள். சிரிப்பதற்குரிய ஆசைதான். ஆனால் சொந்தத் தந்தையை இழந்து, நாட்டையும் இழந்த சிறுமிக்கு வேறு எங்கே போவது?

ஒரு நாள் எமினெம் என்ற அமெரிக்கரின் பாட்டு அவள் காதில் விழுந்தது. பாஷை புரியவில்லை. வேகம் புரிந்தது, ஆத்திரம் புரிந்தது. ஈரானியப் பாடகர் யாஸ் பாடியதையும் கேட்டாள். இதுதான் தனக்கு ஏற்ற வித்தை என்று தீர்மானித்துவிட்டாள்.

'ராப்' எனும் இந்த இசை 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின இளைஞர்களிடையே வளர்ந்தது. முழுப் பாட்டும் அல்ல, வெறும் பேச்சும் அல்ல. தாளம் தப்பாமல், எதுகை தவறாமல், மூச்சு விடாமல் மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட வேண்டும். ராக ஞானமோ வாத்தியமோ இல்லாதவர்களும் பயிலலாம். சொல்வதற்கு விஷயம் இருக்க வேண்டும், அவ்வளவே. ஸோனிதாவிடம் விஷயத்துக்குப் பஞ்சமா?

பஞ்சம் வேறிடத்தில் இருந்தது. 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு, ஈரானில் ஆண்கள் முன்னிலையில் பெண் தனியாகப் பாடுவதற்குத் தடை. அவள் பாட்டை ஒலிப்பதிவு செய்ய முன்வருவதே ஆபத்தாக இருந்தது. ஆனாலும் அவள் ஓயவில்லை. ஆப்கானிய மக்களை ஓட்டுப் போடத் தூண்டும் பாட்டுக்காக நடந்த போட்டி ஒன்றில் கலந்துகொண்டு 1,000 டாலர் பரிசு வென்றாள். அந்தப் பணத்தை, ஆப்கானிஸ்தானம் திரும்பிவிட்ட தாயாருக்கே அனுப்பினாள்.

தாய் வந்தாள்

அந்தத் தாய்தான் ஒரு நாள் டெஹ்ரானுக்கு வந்தாள். ஸோனிதாவுக்கு அப்போது பதினாறு வயதளவு. தமையனுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும்; பெண் வீட்டாருக்குக் கொடுக்கப் பணமில்லை; ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொள் என்பது தாய் கொண்டுவந்த செய்தி. அப்போதுதான் 9,000 டாலர் என்ற பேச்சு வந்தது.

தாயைக் கொடியவள் என்று சொல்லிவிடுவது எளிது. அவளும் சிறு வயதிலேயே மணமுடித்துக் கொடுக்கப்பட்டவள்தான். தனக்கு நடந்ததைத் தவிர வேறு வழி உண்டு என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை.

அப்போது ரோக்ஸாரே காஎம்மகாமி என்ற ஈரானிய மாது, ஸோனிதாவைப் பற்றி ஒரு செய்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படம் எடுப்பவர் நடப்பதைப் பார்ப்பதோடு நிற்க வேண்டுமா, குறுக்கே புகுந்து உதவ வேண்டுமா? தர்மசங்கடமான கேள்விதான். கடைசியில் 2,000 டாலர் கொடுத்து, ஆறு மாத அவகாசம் வாங்கினார் அவர்.

அந்த அவகாசத்தில் பிறந்ததுதான் நெற்றியில் கோடுகளுடன் பாடிய பாட்டு. அதைப் பார்த்த அமெரிக்க ஸ்தாபனம் ஒன்று, யூட்டா மாநிலத்தில் மவுண்ட் பிளஸண்ட் என்ற சிற்றூரில் உள்ள வாஸாட்ச் அகாடமியில் இலவசமாகப் படிக்க ஏற்பாடு செய்தது. ஆனால் பாஸ்போர்ட் வேண்டுமே! எந்த நாட்டில் தனக்கு விலை பேசினார்களோ, அதே நாட்டுக்குப் போய்த்தான் அவள் அதைப் பெற வேண்டியிருந்தது. போனாள், பெற்றாள், 2015-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தாள்.

பாட்டு தந்த பலன்

'ஸோனிதா' என்ற அந்தச் செய்திப் படம் 2016-ல் அமெரிக்காவின் ஸன்டான்ஸ் திரைப்பட விழாவில் உலகச் செய்திப் படங்களுக்கான நடுவர் பரிசு, ரசிகர் பரிசு ஆகிய இரண்டையும் தட்டிக்கொண்டது. ஸோனிதா நியூயார்க் மாநிலத்தில் உள்ள பார்ட் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். பிரான்ஸின் நார்மண்டியில் வழங்கப்படும் சுதந்திரப் பரிசு 2021-ல் அவருக்குக் கிடைத்தது. பின்னர், உலகப் புகழ் பெற்ற ரோட்ஸ் உபகாரச் சம்பளமும் அவரைத் தேடி வந்தது. கழிப்பறை கழுவிய கைகளுக்கு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் வாசல் திறந்தது!

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பரிசு ஒன்றும் உண்டு. பாட்டுப் பாடாதே என்ற வீட்டார் மனம் மாறினார்கள். மகளுக்கு விலை பேசிய தாயே அவர் பாட்டுக்கு ரசிகையானார்.

ஆனால் ஹெராத்தில் இருக்கும் மற்றப் பெண்களின் கதை அப்படி முடியவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தார்கள். பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. 2022 டிசம்பரில் சர்வகலாசாலைகளும் மூடப்பட்டன. 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சட்டத்தில், பெண்ணின் குரலே வெளியில் கேட்கலாகாது என்று எழுதி வைத்தார்கள்.

ஒரு பெண்ணின் குரலுக்கு அஞ்சிச் சட்டம் எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். ஸோனிதாவின் கதையை அறிந்தவர்கள் வியக்கமாட்டார்கள். 9,000 டாலருக்குப் பேசிய பேரத்தை முறித்தது அந்தக் குரல்தானே!