கவர்படு சொல்லும் கவர்படு நெஞ்சும்

சூத்திரமொன்று இருவகைப் பொருள்கொள்ளக் கிடப்பின், அதனை ஆங்கிலத்தில் ஆராய்வார் சிலர் 'ஆம்பிவலண்ட்' என்றெழுதுகின்றனர். 'ஆம்பிகுவஸ்' என்றிருத்தல் வேண்டும். இஃது எழுத்துப்பிழை போற் சிறிதன்று. சொல்லின்மேல் நிற்கும் மயக்கத்தை ஆசிரியர் உள்ளத்தின்மேல் ஏற்றுவதாய் முடியும்.

இரண்டன் முதனிலையும் 'இருமருங்கு' எனப் பொருள்படும் இலத்தீன் உறுப்பே. மயக்கத்திற்கு ஏதுவும் அதுவே. 'ஆம்பிகுவஸ்' பழஞ்சொல். மற்றையதன் மூலம், ஒன்றனையே ஒருங்கு விரும்பியும் வெறுத்தும் நிற்கும் நிலையைக் குறித்தற்குச் சுவிட்சர்லாந்து மனநோய் மருத்துவர் புளூலர் 1910இல் வழங்கியது.

லிடியா நாட்டு மன்னன் குரோசஸ் வரலாற்றை ஹெரோடோட்டஸ் கூறுவர். பாரசீகர்மேற் படைசெலுத்தின் பேரரசொன்றை அழிப்பாய் என்றது டெல்பித் தெய்வவாக்கு. எவ்வரசு என்றிலது. வாக்கு ஆம்பிகுவஸ், மன்னனோ தயக்கம் சிறிதுமின்றிப் படையெடுத்தான். அழிந்தது அவனரசே! இதற்கு மறுதலையாக, கிறித்தவப் பெரியார் அகஸ்டின் இளமையிற் புலனடக்கம் வேண்டியும், அஃது உடனே வாய்த்தலை அஞ்சியும் இறைஞ்சினமையைத் தம் வரலாற்றுள் எழுதினர். அவ்வேண்டுகோளிற் சொல்மயக்கம் இல்லை, நெஞ்சே இருபாற்பட்டது.

இனி, இவற்றுள் எதனையும் 'ஐயம்' எனப் பெயர்த்தலும் பொருந்தாது. குற்றியோ மகனோ என நிற்கும் ஐயம் அறிவின்பாலது. அணுகிக் கண்டால் நீங்கும். கவர்படு சொல் கேட்போன்மாட்டு ஐயம் விளைக்குமேனும், தானே ஐயமன்று, நல்லுரையால் தெளிவுறும். கவர்படு நெஞ்சினனோ பொருளை ஐயமற அறிந்தவன். அவன் பிளவு இச்சையின்பாலதாகலின், காட்சியும் உரையும் அதனைத் தீர்க்கமாட்டா.