வேண்டாம் என்று தடுத்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு! எலியின் மரபணுவை மாற்றிய கில்லாடி

இத்தாலியில் 4 வயதில் தெருவில் அலைந்தான் ஒரு சிறுவன். திருடித் தின்று பசியாறினான். அவன்தான் பின்னாளில் எலியின் மரபணுவையே மாற்றி, நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி மரியோ கபெச்சி.

1937-ம் ஆண்டு வெரோனா நகரில் பிறந்தவர். 2-வது உலகப்போரின்போது தாயைப் பிரிந்தார். போர் முடிந்ததும் தாய் தேடி அலைந்து, ஆஸ்பத்திரியில் கிடந்த மகனைக் கண்டுபிடித்தார். அன்று மகனுக்கு 9-வது பிறந்தநாள்! பிறகு இருவரும் அமெரிக்கா போனார்கள். இதையெல்லாம் கபெச்சியே சொல்லியிருக்கிறார்.

"விட்டாரா?"

1980-ம் ஆண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்திடம் 3 ஆராய்ச்சிகளுக்குக் கபெச்சி பணம் கேட்டார். இரண்டுக்கு சரி என்றார்கள். மூன்றாவது, செல்லுக்குள் ஒரே ஒரு மரபணுவைக் குறிபார்த்து மாற்றும் வேலை. அது பலிக்காது, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கபெச்சி விட்டாரா? வந்த பணத்தில் பெரும்பகுதியை அந்த மூன்றாவது வேலையிலேயே கொட்டினார். தோற்றால் அடுத்த தடவை ஒரு காசு பெயராது. துணிந்து இறங்கினார்.

ஜெயித்தார். 1984-ல் மறுபடி பணம் கேட்டபோது, எங்கள் யோசனையை நீங்கள் கேட்காததில் சந்தோஷம் என்று பதில் வந்தது!

எப்படி மாற்றுகிறார்கள்?

எலியின் இளங்கருவில் இருந்து செல்களை எடுத்துத் தட்டில் வளர்ப்பார்கள். இந்த வித்தையை 1981-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் மார்ட்டின் எவன்ஸ். அந்தச் செல்களுக்குள் கெட்டுப்போன மரபணு நகலைச் செலுத்துவார்கள். அபூர்வமாக ஏதோ ஒரு செல்லில், அந்த நகல் நல்ல மரபணுவைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் செல்லைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

பழுப்பு எலியின் செல் என்றால், அதைக் கறுப்பு எலியின் கருவுக்குள் வைப்பார்கள். கருவை வேறொரு பெண் எலி சுமக்கும். பிறக்கும் குட்டி திட்டுத்திட்டாக 2 நிறத்தில் இருக்கும். அதன் வாரிசுகளை மேலும் இணைசேர்த்தால், குறிப்பிட்ட மரபணு வேலையே செய்யாத எலி ரெடி!

எந்த மரபணு கெட்டால் என்ன நோய் வரும் என்பதை இந்த எலி காட்டிக்கொடுத்துவிடும். புற்றுநோய், இருதய நோய் ஆராய்ச்சிகளில் இத்தகைய எலிகள் பயன்படுகின்றன.

3 பேருக்குப் பரிசு

2007-ம் ஆண்டு கபெச்சி, எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் ஆகிய 3 பேருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

2013-ல் 'கிரிஸ்பர்' என்ற மரபணுக் கத்தரி எலிக் கருவுக்குள்ளேயே நேராக இறங்கியது. ஒரு வருடம் இழுத்த வேலை இப்போது சில வாரங்களில் முடிகிறது.