சுமக்கிற பெண்களின் நடிகை

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, நடக்க முடியாத மகனை முதுகில் தூக்கிக்கொண்டு குறுகலான மாடிப்படியில் ஏறுகிறாள். அவனைப் படுக்கையில் விட்டபிறகு கீழே விழுந்துவிடுகிறாள். வீட்டில் வேறு யாருமில்லை. பேச்சு வராத, கைகள் சொன்னபடி கேட்காத அந்தப் பையன், தன் வசத்தில் இருக்கும் ஒரே உறுப்பான இடது காலால் கதவை உதைத்து உதைத்து அக்கம்பக்கத்தாரை வரவழைக்கிறான்.

1989-ல் வந்த ‘மை லெஃப்ட் ஃபுட்’ படத்தின் காட்சி இது. பெருமூளை வாதத்தோடு பிறந்து, இடது பாதத்தாலேயே எழுதவும் வரையவும் கற்ற டப்ளின்காரர் கிறிஸ்டி பிரவுனின் கதை. கிறிஸ்டியாக நடித்த டேனியல் டே-லூயிஸைப் பற்றி உலகமே பேசியது. பேசட்டும், தகும். நான் பேச வந்தது அந்தத் தாயைப் பற்றி. அவராக நடித்தவர் பிரெண்டா ஃப்ரிக்கர்.

நான் நர்ஸ். நெடுங்காலம் வார்டில் நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, உட்காரவைத்துப் பழகியவள். சினிமாவில் யாராவது யாரையாவது தூக்கினால், அது நிஜமா நடிப்பா என்று என் இடுப்புக்கே தெரிந்துவிடும். தினமும் தூக்குகிறவர்களிடம் ஒரு பதற்றமின்மை உண்டு. முழங்காலில் பாரத்தை வாங்கி, மூச்சை அடக்கி, எழுந்த பிறகுதான் விடுவார்கள். ஃப்ரிக்கர் அப்படித்தான் தூக்குகிறார். முகத்தில் தியாகம் எழுதி ஒட்டியிருக்காது. அடுத்து என்ன வேலை கிடக்கிறது என்ற யோசனைதான் இருக்கும்.

அந்தப் பதற்றமின்மை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் அவர் இளமையைப் பற்றித் தெரியவந்தது. 1945-ல் டப்ளினில் பிறந்தவர். பதின்மவயதில் பெரிய கார் விபத்தில் சிக்கி, நீண்டகாலம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே கிடந்தார். படுத்தே கிடக்கிறவர்களுக்கு எங்களை நன்றாகத் தெரியும். எந்த சிஸ்டர் வந்தால் வலிக்காது, யார் பேசிக்கொண்டே ஊசி போடுவார், யார் ராத்திரி அழுகையைக் கேட்டும் கேட்காததுபோல் போய்விடுவார், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வேறெந்த நடிப்புப் பள்ளியையும்விட அந்தப் படுக்கையே அவருக்கு அதிகம் கற்றுத் தந்திருக்கும் என்பது என் எண்ணம்.

குணமானபின் ‘ஐரிஷ் டைம்ஸ்’ பத்திரிகையில் கலைப் பகுதி ஆசிரியருக்கு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்துதான் நடிப்புக்கு நகர்ந்தார். அயர்லாந்தின் அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.ஈ. அறுபதுகளில் ஒளிபரப்பிய ‘டோல்கா ரோ’ என்ற தொடரில் அவர் முகம் தெரிந்தது. பிறகு லண்டன். நாடக மேடைகள், தொலைக்காட்சியில் சின்னச் சின்ன வேடங்கள். 1977-ல் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் நர்ஸாக வந்தார். ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய ‘பிளடி கிட்ஸ்’ படத்திலும் நர்ஸ்தான். அன்றைய பிரிட்டனில் அயர்லாந்துப் பெண் என்றாலே நர்ஸ் வேடம் கொடுத்துவிடுவது வழக்கம். அதில் உண்மையும் இல்லாமலில்லை. 1948-ல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியதிலிருந்தே பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகள் அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான பெண்களை வேலைக்கு அழைத்துக்கொண்டன. பின்னால் கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் அழைத்தன. அந்த வரிசையின் வாலில் வந்தவர்களில் நானும் ஒருத்தி.

இந்த வருடங்களுக்கு நடுவே ஒரு முத்து இருக்கிறது. 1982-ல் ஆர்.டி.ஈ.யும் பி.பி.சி.யும் சேர்ந்து தயாரித்த ‘தி பால்ரூம் ஆஃப் ரொமான்ஸ்’. வில்லியம் ட்ரெவரின் சிறுகதை, பேட் ஓ’கானரின் இயக்கம். ஐம்பதுகளின் அயர்லாந்துக் கிராமம். காலிழந்த தகப்பனைப் பார்த்துக்கொண்டு பண்ணையில் உழைக்கும் பிரைடி, சனிக்கிழமை இரவு மட்டும் சைக்கிள் மிதித்து நடன அரங்குக்குப் போகிறாள். வயது 36. ஊரில் நல்ல ஆண்கள் பெரும்பாலும் மிச்சமில்லை. அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுப் பிழைக்கப் போனார்கள். மிஞ்சியவர்களில், மேளம் வாசிக்கும் டானோ ரையன் மீது அவளுக்கு ஒரு நம்பிக்கை. அன்றிரவு, அதுவும் நடக்கப்போவதில்லை என்று புரிந்துவிடுகிறது.

புரியும் அந்த நொடியை ஃப்ரிக்கர் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். அழுவதில்லை. உதடு துடிப்பதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். மோசமான செய்தியை உறவினர்களிடம் சொல்லும்போது பலரும் அப்படித்தான் நிற்பார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கதறல் பிறகு வரும். முதலில் முகம் மரியாதையாகத் தலையாட்டும். இதைத் தெரிந்து நடிப்பவர்கள் மிகக் குறைவு. அவருடைய நடிப்பிலேயே உச்சம் எது என்று கேட்டால், ஆஸ்கர் வாங்கிய படத்தைவிட இந்தச் சின்னத் தொலைக்காட்சிப் படத்தைத்தான் நான் சொல்வேன்.

பிரிட்டனின் வீட்டுக்கு வீடு அவரைக் கொண்டுசேர்த்தது ‘கேஷுவால்டி’. 1986 செப்டம்பரில் பி.பி.சி. தொடங்கிய மருத்துவமனைத் தொடர். ஹோல்பி என்ற கற்பனை ஊரின் அவசரச் சிகிச்சைப் பிரிவு, இரவு ஷிஃப்ட். அதில் ஃப்ரிக்கரின் பாத்திரம் மேகன் ரோச். மேகன் ‘ஸ்டேட் என்ரோல்டு நர்ஸ்’, அதாவது இரண்டு வருடப் பயிற்சி மட்டும் பெற்ற, பதவி உயர்வுக்கு வழியில்லாத, இரண்டாம் படி நர்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களில் நிறையப் பேரை அந்தப் படியிலேயே தள்ளி வைத்திருந்தார்கள். வார்டின் பாரத்தில் பெரும்பங்கு அவர்கள் தோளில்தான் இருந்தது. பிறகு அந்தப் பயிற்சிமுறையே வழக்கொழிந்தது. நான் அங்கே வேலைக்குப் போனபோது, உடன் இருந்த மூத்த அயர்லாந்து சிஸ்டர்கள் மேகனைப் பற்றி சொந்த அக்காவைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். ‘அவள் எங்களில் ஒருத்தி’ என்பார்கள். அதைவிடப் பெரிய விருது ஒரு நடிகைக்கு உண்டா என்று தெரியவில்லை.

மேகனாக 1990 வரை நடித்தார். அதற்குள் ‘மை லெஃப்ட் ஃபுட்’ வந்துவிட்டது. இயக்குநர் ஜிம் ஷெரிடனுக்கு அது முதல் படம், குறைந்த செலவில் எடுத்தது. நிஜத்தில் கிறிஸ்டியின் தாய் பிரிட்ஜெட் 22 பிள்ளைகள் பெற்றவர், பிழைத்தவை 13. தகப்பன் கொத்தனார். படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம், மனமுடைந்து படுத்துவிட்ட மகனுக்குத் தனியறை கட்ட அந்தத் தாய் தானே செங்கல் எடுத்து அடுக்கத் தொடங்கும் காட்சி. அவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வதில்லை. செங்கல் மேல் செங்கல் வைக்கிறார். பிறகு கணவனும் மற்றப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். கணவனாக நடித்த ரே மெக்அனலி, படம் திரைக்கு வரும் முன்பே இறந்துபோனார் என்பதை அறிந்து பார்க்கும்போது அந்தக் காட்சி இன்னும் கனக்கிறது.

1990 மார்ச்சில், சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர். போட்டியில் ஜூலியா ராபர்ட்ஸ், அஞ்சலிகா ஹூஸ்டன் போன்றவர்கள் இருந்தார்கள். நடிப்புக்கு ஆஸ்கர் பெற்ற முதல் அயர்லாந்து நடிகை ஃப்ரிக்கர்தான். மேடையேறி, 22 முறை பிள்ளை பெற்ற ஒருத்திக்கு இப்படியொரு பரிசு கொடுக்கத்தானே வேண்டும் என்ற பொருளில் பேசி, வெற்றியை பிரிட்ஜெட் பிரவுனிடம் சேர்த்துவிட்டார்.

அதே ஆண்டு, அதே இயக்குநரின் ‘தி ஃபீல்டு’. தான் பண்படுத்திய குத்தகை நிலத்தின் மீது வெறிகொண்ட விவசாயியாக ரிச்சர்ட் ஹாரிஸ் கர்ஜிக்கிறார். மனைவியாக ஃப்ரிக்கர். ஒரு மகனின் மரணத்துக்குப் பின் அந்தத் தம்பதி பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே மேசை, பேச்சு மட்டும் கிடையாது. ஹாரிஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்தக் கர்ஜனைக்குச் சுவராக நின்ற மௌனத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு இதில் இன்றும் வருத்தம்தான்.

நம்மூரில் அவரைப் பலர் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. 1992-ல் வந்த ‘ஹோம் அலோன் 2’ படத்தில், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் உடம்பெல்லாம் புறாக்கள் உட்கார்ந்திருக்க நிற்பாரே, அந்தப் பெண்மணி. முதலில் சிறுவன் கெவின் பயந்து ஓடுகிறான். பிறகு கார்னகி ஹால் பரணில், கீழே இசை ஒலிக்க, இருவரும் பேசிக்கொள்கிறார்கள். திருடர்கள் அடிவாங்கும் கலாட்டாவுக்கு நடுவில் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் படம் மூச்சுவிடுகிறது. பல வருடங்கள் கழித்து, 2020-ல், வயதான காலத்தில் தனியாக இருப்பவர்களுக்கு கிறிஸ்துமஸ் எவ்வளவு இருட்டாக இருக்கும் என்று ஃப்ரிக்கர் வெளிப்படையாகப் பேசினார். மனச்சோர்வைப் பற்றியும் அவர் ஒளித்ததில்லை. நடிகைகள் அப்படிப் பேசத் தயங்கும் உலகில் அது துணிச்சல்.

ஹாலிவுட் அவரைத் தொடர்ந்து அழைத்தது. ‘எ டைம் டு கில்’ போன்ற படங்களில் நடித்தார், ஆனால் அவர் அளவுக்கு எழுதப்பட்ட வேடங்கள் அங்கே அதிகம் வரவில்லை. 2003-ல் ‘வெரோனிகா கெரின்’ படத்தில், போதைப்பொருள் கும்பலால் கொல்லப்பட்ட டப்ளின் பத்திரிகையாளரின் தாய். 2010-ல் கடைசியாக மேகனாகத் திரும்பி வந்தார். நோயோடு வாழ விரும்பாத மேகன் தன் முடிவைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். மறு ஆண்டு ‘கிளவுட்பர்ஸ்ட்’. ஒலிம்பியா டுகாகிஸுடன், முதியோர் இல்லத்திலிருந்து தப்பி, கனடா எல்லையைக் கடந்து திருமணம் செய்துகொள்ளப் போகும் இரண்டு வயதான பெண்களில், பார்வையற்றவளாக நடித்தார். அவர் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும். 2022-ல், 77 வயதில், ‘ஹோல்டிங்’ தொடரிலும் வந்தார்.

அவரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, ஆஸ்கர் படத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் ‘தி பால்ரூம் ஆஃப் ரொமான்ஸ்’, அடுத்து ‘தி ஃபீல்டு’, பிறகுதான் ‘மை லெஃப்ட் ஃபுட்’. மற்றவர்கள் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள், கைகள் என்ன வேலை செய்கின்றன என்றும் பாருங்கள்.