உள்ளித் தீயல் மேல் போட்ட பழி!

எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு உபயோகமாக இருக்குமே என்று எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், திடீரென்று மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தாள். துருவித் துருவிக் கேட்டதும் அழுகைதான் வந்தது. "பக்கத்துல இருக்கிற பிள்ளை மூக்கைப் பொத்திக்கிட்டு வேற பெஞ்சுக்குப் போயிட்டாம்மா. என் வாய் நாறுதாம்" என்றாள். எனக்கு நெஞ்சடைத்துப் போயிற்று.

எங்கள் நாஞ்சில் நாட்டுச் சமையல்தான் தெரியுமே! உள்ளித் தீயல், சாளைக் கறி, மரச்சீனிக் கிழங்குக்கு நெத்திலி அவியல், கருவாடு... எல்லாம் இந்தச் சாப்பாட்டால் வந்த வினை என்று முடிவு கட்டி, உள்ளி, பூண்டு, மீன் மூன்றையும் நிறுத்தினேன். மாமியார் மட்டும், "உள்ளி திங்காத வீடு உண்டா? பிள்ளைக்க பல்லைப் பாரு மக்ளே" என்றார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரமாகியும் நாற்றம் போகவில்லை, கூடத்தான் செய்தது. அதற்குப் பிறகே பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கடைசிக் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை! அதற்குள் சாப்பாட்டுத் துணுக்கு அடைந்து கிடந்தது. நாக்கிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. பயந்துகொண்டு காலையிலும் சாப்பிடாமல் போயிருக்கிறாள். பட்டினி கிடந்தால் எச்சில் குறைந்து வாய் வறண்டு நாற்றம் அதிகமாகுமாம்!

டாக்டர் விளக்கமாகச் சொன்னார். பூண்டிலுள்ள கந்தகப் பொருள்கள் ஜீரணமாகும்போது உண்டாகும் ஒன்று ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. அதனால்தான் எவ்வளவு பல் தேய்த்தாலும் உடனே போவதில்லை. ஆனால் ஒரு நாளில் தானாகவே போய்விடும். மீன் வாடையும் அப்படித்தான். நாள் தவறாமல் நாறினால் பல், ஈறு, நாக்கைப் பார்க்க வேண்டும். அங்கே குறையில்லை என்றால் டான்சில், சைனஸ், சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பது: இரவு படுக்கும் முன்பும் பல் தேய்ப்பது, தினமும் நாக்கு வழிப்பது, மீனோ இனிப்போ சாப்பிட்டால் நன்றாக வாய் கொப்பளிப்பது. பூண்டு சேர்த்த சாப்பாட்டுடன் பால் குடித்தால் வாடை குறைகிறது என்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2010-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். தயிருக்கும் அந்தக் குணம் உண்டு என்று 2023-ல் சொன்னார்கள். நம் சாப்பாட்டில் தயிர் இருப்பது எவ்வளவு நல்லது பாருங்கள்!

வெளியே போகும்போது ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்ளலாம். எங்கள் மாவட்டத்து மாறாமலையில் விளையும் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் அது வாடையை மறைக்கும், சொத்தையைக் குணமாக்காது. வாய் மணக்கட்டும் என்று பாக்கு, புகையிலை பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். வாய்ப் புற்றுநோய்க்கு அவை முக்கியக் காரணம்.

பல்லை அடைத்து, நாக்கு வழிக்கப் பழகிய பிறகு நாற்றம் போயே போய்விட்டது. உள்ளித் தீயல் மறுபடி டிபன் பாக்ஸில் ஏறிவிட்டது. பாத்திரம் காலியாகத் திரும்பி வருகிறது. அந்தப் பிள்ளையும் பழைய இடத்துக்கே வந்துவிட்டாளாம். ஆனால் என் மகள் இன்னமும் சில நேரம் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், முதல் நாளே அவள் வாயைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பிள்ளை சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் திட்டாதீர்கள் சகோதரிகளே. பக்கத்தில் உட்கார்த்திக் கேளுங்கள்.

- ஒரு வாசகி, பூதப்பாண்டி.